வந்தியத்தேவன் குதிரைக்குக் கொள்ளு வைத்தது யார்?

"பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். அடுத்து என்ன படிப்பது? அண்மையில் வந்த வரலாற்று நாவல்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை, ஏன்?" என்பது உங்கள் கேள்வி. 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்ததிலிருந்து இதே கேள்வியை என்னிடம் கேட்டவர்களை ஏற்றினால் ஒரு பஸ் நிறைந்துவிடும். சாண்டில்யனைப் படியுங்கள், பாலகுமாரனின் 'உடையார்' படியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம், தவறும் இல்லை. ஆனால் நீங்கள் 'ஏன்' என்றும் கேட்டுவிட்டீர்கள். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'அண்மையில்' என்பதை நான் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறேன். முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கதையைப் படிக்கிறவனுக்குப் பதினைந்து, இருபது ஆண்டு என்ன பெரிய கணக்கு? 2000க்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்குப் புதுப் புத்தகம்தான்.

முதலில் என் கோணலைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், பாட்டி வீட்டுப் பரணில் பொன்னியின் செல்வன் கிடைத்தது. கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தது. பாட்டிக்குக் கண் மங்கிவிட்டதால் நான் உரக்கப் படிப்பேன். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்பாள். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறான், கடம்பூருக்குப் போகிறான், குடந்தைக்குப் போகிறான், தஞ்சைக்குப் போகிறான். நாலாம் நாள் பாட்டி முறத்தைக் கீழே வைத்தாள். "அது சரி, இத்தனை ஊர் ஓடுகிறதே, அந்தக் குதிரைக்கு யாரடா கொள்ளு வைக்கிறார்கள்?" என்றாள். எனக்கு எரிச்சல். குந்தவை வரப்போகும் நேரத்தில் கொள்ளைப் பற்றியா பேச்சு! நாற்பது ஆண்டு மாடு கட்டி வளர்த்தவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவே இல்லை. வரலாற்று நாவல் எதை எடுத்தாலும் ஐம்பது பக்கத்துக்குள் கொள்ளு வைக்கிற ஆள் யாராவது தலைகாட்டுகிறாரா என்றுதான் பார்க்கிறேன். சமையல்காரர், கொல்லர், மடை திறப்பவர், சுண்ணாம்பு அரைப்பவர், யாராக இருந்தாலும் சரி. அரண்மனையும் மாறுவேடமும் சுரங்கப்பாதையும் மட்டும் இருந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறேன். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்தச் சோதனையில் தேறியவை. உங்களுக்கு வாள் சத்தம்தான் வேண்டும் என்றால் என் பட்டியல் ஏமாற்றத்தையே தரும்.

கல்கியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆதித்த கரிகாலன் கொலையை அவர் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று கொலையாளிகளின் பெயர்கள் இருக்கின்றன. அந்தக் கல்வெட்டோ கொலையைப் பற்றியது அல்ல. கொலை செய்தவர்களுக்கும் அவர்களுடைய உறவினருக்கும் உரிய நிலத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணை. இன்றைய மொழியில் சொன்னால் பத்திரப்பதிவுக் காகிதம். ஒரு நிலக் கணக்கிலிருந்து 5 பாகக் கதையைக் கறந்தவர் கல்கி. பின்னால் வந்த பலர் அவருடைய வாளை எடுத்துக்கொண்டார்கள், கணக்கை விட்டுவிட்டார்கள். அதுதான் என் வருத்தம்.

நாவலின் தொடக்கத்தில், ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் வரும்போது, 74 கண்வாய்களின் (மதகுகளின்) வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்வது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த 74 கண்வாய்களையும் யார் திறந்தார்கள், யார் அடைத்தார்கள், வண்டலை யார் அள்ளினார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சோ. தர்மனின் 'சூல்' நாவலை எடுங்கள். 2016இல் வந்தது, 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. கோவில்பட்டிப் பக்கத்து உருளைக்குடி என்ற ஊரும் அதன் கண்மாயும்தான் (தென்பாண்டிப் பக்கம் ஏரிக்கு அதுதான் பெயர்) நாவல். எட்டயபுரத்து அரண்மனைக் காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பிந்தைய நாட்கள் வரை வருகிறது. அரசர் வருகிறார், போகிறார். கண்மாய் இருக்கிறது.

கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே வண்டி கட்டிக்கொண்டு கரம்பை அள்ள இறங்கும். அடியில் படிந்த வண்டலை வெட்டி எடுத்துப் புஞ்சையில் கொட்டினால் நிலத்துக்கு உரம். வெட்டிய இடம் ஆழமாவதால் கண்மாய்க்குக் கூடுதல் தண்ணீர். யாரும் யாருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை. மழை வந்த பிறகு மடைக்குடும்பனின் ஆட்சி. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம், உபரி நீர் வழியும் கலிங்கில் எவ்வளவு போக விடுவது என்பதெல்லாம் அவர் கையில். ஊரில் செல்வமும் சாதியும் பெரியவர்களிடம் இருக்கும். தண்ணீர் விஷயத்தில் அவர்களும் அந்த ஆளின் வாயைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டை எந்தச் சரித்திரப் பாடப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இப்போது சென்னைக்குக் குடிநீர் போகும் வீராணம் ஏரிதான் வந்தியத்தேவன் பார்த்த வீரநாராயண ஏரி. சூல் படித்த பிறகு அந்தக் கரையில் போனால் கண் கண்வாயைத்தான் தேடும்.

குறையும் உண்டு. நாவலின் பின்பகுதியில் கண்மாய் அரசாங்கத்தின் கைக்குப் போய்ச் சீரழியும் இடத்தில், தர்மன் கதைசொல்லி வேலையை விட்டுவிட்டு மேடை ஏறிவிடுகிறார். கோபம் நியாயமானது. ஆனால் அதுவரை கண்மாயே பேசிக்கொண்டிருந்தது. அதன் பேச்சு போதும் என்று அவர் விட்டிருக்கலாம்.

அடுத்து சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2008இல் வந்தது, 2011ஆம் ஆண்டுக்கான அகாதமி விருது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். வந்த புதிதில் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு, கிழித்துத் தொங்கவிட்டவர்களும் உண்டு. நான் இரண்டு கட்சியிலும் பாதிப் பாதி. மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி, விஜயநகரம், நாயக்கர், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) என்று வந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிகிறது. முதல் இருநூறு, முந்நூறு பக்கங்களில் அரசர்கள் வரிசையாக வந்து போகிறார்கள். பாட்டி சோதனையில் அந்தப் பகுதி தேறாது. தாதனூர்க் களவுக்காரர்கள் வந்தவுடன் நாவலுக்கு உயிர் வந்துவிடுகிறது. மதுரை ராத்திரியைக் காவல் காப்பவர்களும் அவர்களே, கன்னம் வைப்பவர்களும் அவர்களே. காவலும் களவும் ஒரே தொழிலின் இரு கைகள். இருட்டில் எப்படி நடப்பது, நாயை எப்படி ஏமாற்றுவது, தடத்தை எப்படிப் படிப்பது என்று வெங்கடேசன் எழுதும் பக்கங்களில் ஒரு கைவினைஞரின் பட்டறையில் நிற்பதுபோல இருக்கும். வசந்தபாலனின் 'அரவான்' படம் இந்த நாவலின் ஒரு சிறு பகுதியிலிருந்துதான் எடுக்கப்பட்டது.

என்னைக் கட்டிப்போட்ட இடம் கோட்டை இடிப்பு. 1840களில் மதுரைக் கலெக்டர் பிளாக்பர்ன் ஊர் மூச்சுவிட வேண்டும் என்று கோட்டைச் சுவரை இடிக்க முடிவு செய்கிறார். இடிக்கப் பணம் இல்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்று அறிவித்து வேலையை முடிக்கிறார். இது வரலாறு. நாவல் என்ன செய்கிறது என்றால், அந்தச் சுவரில் இத்தனை காலமாகக் குடியிருந்த காவல் தெய்வங்களை என்ன செய்வது என்று கேட்கிறது. கல்லை இடிக்கக் கலெக்டர் உத்தரவு போட்டுவிட்டார். சாமிக்கு யார் உத்தரவு போடுவது? தெய்வங்கள் கோட்டையைவிட்டு இறங்கும் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு வெளியே வந்து தெருவில் நின்றேன்.

பிறகு ஒருமுறை மதுரைக்குப் போனபோது வேண்டுமென்றே வெளி வீதியிலிருந்து கோயிலை நோக்கி நடந்தேன். வெளி வீதி என்ற பெயரே கோட்டைக்கு வெளியே என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே வந்தால் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. ஒருவர் நிலம் அளந்த வெள்ளைக்காரர், மற்றவர் வேலையை மேற்பார்த்த மேஸ்திரி. அதற்கும் உள்ளே மாசி, ஆவணி, சித்திரை, ஆடி என்று மாதங்களும் திருவிழாக்களும். இடித்தவர்களின் பெயரும் சாமி புறப்பாட்டு மாதங்களின் பெயரும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கும் ஊர் அது. அங்கேயே வளர்ந்த என் நண்பருக்கு மாரட் என்பது ஆள் பெயர் என்றே தெரியாது. "மராட்டியர் இருந்த தெருவாக்கும் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

வெங்கடேசனின் 'வேள்பாரி'யை எல்லாரும் சொல்லியிருப்பார்கள். ஆனந்த விகடனில் நூறு வாரத்துக்கு மேல் தொடராக வந்தது. ஒரு வேடிக்கை கேளுங்கள்: பொன்னியின் செல்வனுக்கு முதலில் ஓவியம் வரைந்தவர் மணியம், வேள்பாரிக்கு வரைந்தவர் அவருடைய மகன் மணியம் செல்வன். குடும்பத் தொழில்! காடும் செடிகொடியும் விலங்கும் பற்றிய பகுதிகள் நன்றாக இருக்கின்றன. பையன்கள் இந்த நாவலைப் படித்துவிட்டுப் பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலைக்கு வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பியதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் பறம்பில் எல்லாரும் நல்லவர்கள், கீழே எல்லாரும் பேராசைக்காரர்கள் என்ற கணக்கு கொஞ்சம் திகட்டியது. புறநானூற்றில் பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' பாட்டைப் படித்து வளர்ந்தவர்கள் நாவலின் முடிவை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது வேறு பேச்சு. முடிவை நான் சொல்லப்போவதில்லை.

இனி நான் அதிகம் பேர் கையில் திணித்த புத்தகம்: ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013). சென்னை மெரினா கடற்கரை எதிரே வட்ட வடிவில் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். அமெரிக்காவின் டியூடர் கம்பெனி, பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றிப் பாதி உலகம் கடந்து இங்கே கொண்டுவந்து இறக்கியது. வைப்பதற்காக 1842இல் கட்டிய கிடங்கு அது. வெள்ளைக்காரத் துரைகளின் மதுவுக்காக மாதக்கணக்கில் கடலில் வந்த ஐஸ்.

அதைச் சுமந்தவர்கள், உடைத்தவர்கள் யார்? பஞ்சத்தில் தப்பி வந்த தலித் மக்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுருட்டிப் போட்ட தாது வருஷப் பஞ்சம். அப்போது வைஸ்ராய் லிட்டன். 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து தர்பார் நடக்கிறது. அதே மாதம், செலவைக் குறைப்பதற்காக அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கு ஒரு கூலி நிர்ணயிக்கிறார். ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் எழுதியதும் பதிவாகியிருக்கிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். இன்று பறக்கும் ரயில் அதன் மேலேதான் போகிறது. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருமுறை கீழே பாருங்கள்.

நாவலின் நாயகன் ஏய்டன் பைர்ன் என்ற ஐரிஷ்காரன், ஆங்கிலேய ஆட்சியில் அதிகாரி. பஞ்சத்தில் அடிபட்ட அயர்லாந்தின் பிள்ளை இன்னொரு பஞ்சத்துக்குக் காவல் நிற்கிறான். ஐஸ் ஹவுஸ் தொழிலாளர்கள் 1878இல் வேலையை நிறுத்துகிறார்கள். அந்த வேலைநிறுத்தத்தைச் சுற்றித்தான் கதை. காத்தவராயன் என்று ஒருவர் வருவார். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசருக்கு இயற்பெயர் அதுதான் என்று தெரிந்து படித்தால் அந்த உரையாடல்களின் கனம் கூடும். செங்கல்பட்டுச் சாலையில் ஏய்டன் பஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு போகும் பகுதியைச் சாப்பிட்டுவிட்டுப் படிக்காதீர்கள், சாப்பிடும் முன்பும் படிக்காதீர்கள். ஜெயமோகனுக்கு உரிய வழக்கப்படி பாத்திரங்கள் சில இடங்களில் கட்டுரை பேசுகிறார்கள். மன்னித்துவிடலாம். வெறுங்காலோடு, வெறுங்கையோடு ஐஸ் பாளத்தைத் தள்ளுகிறவன் பக்கத்தில் நாம் நிற்கிறோம். வெளியே சென்னை வெயில். இந்த ஒரு முரணை வைத்தே அவர் மொத்த ஆட்சியையும் காட்டிவிடுகிறார்.

கடல் பக்கம் போவோம். ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2009, அகாதமி 2013). பெயரைப் பார்த்துவிட்டுப் பாண்டியர் முத்துக் குளிக்கும் கதை என்று வாங்கியவர்கள் உண்டு. நாவல் நடப்பது இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியில். தோணியில் சரக்கேற்றிக் கொழும்புக்குப் போன பரதவர், தோணி முதலாளிகள், தோணியை நடத்தும் தண்டல்கள், சாமியார்கள், நாடார் வணிகர்கள் என்று ஊரே திரண்டு வருகிறது. எத்தனை பாத்திரங்கள் என்று எண்ண முயன்று இருநூறுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டேன். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு திசைக்கு நாலு பெயர் இருப்பதை நான் ஏட்டில் படித்திருந்தேன். அந்தப் பெயர் தெரியாதவன் சாவான் என்பதை இந்த நாவலில்தான் உணர்ந்தேன். கச்சான் தூக்கும்போது பாயை இறக்கத் தாமதித்தால் என்ன ஆகும் என்று அவர் எழுதும்போது உங்கள் கையே கயிற்றைத் தேடும். அவர் கப்பல் துறையில் வேலை செய்பவர், உவரியில் பிறந்தவர். தோணியைக் கரையிலிருந்து பார்த்து எழுதியவர் அல்லர். முதல் நூறு பக்கம் வட்டார மொழி தடுக்கும். தடுக்கட்டும். பேச்சு காதில் ஏறிவிட்டால் பிறகு ஓடும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் அவருடைய முந்தைய நாவலான 'ஆழி சூழ் உலகு' (2004) இன்னும் இறுக்கமானது. எனக்கு உள்ளூர அதுதான் கூடுதல் பிடித்தம்.

பூமணியின் 'அஞ்ஞாடி' (2012, அகாதமி 2014) பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது. கழுகுமலைக் கலவரம் (1895), சிவகாசிக் கொள்ளை (1899) இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் கதையைத் தூக்கி நிறுத்துவது ஆண்டி, மாரி என்ற இரண்டு சிறுவர்களின் சிநேகம். ஒருவன் பள்ளர் வீட்டுப் பிள்ளை, மற்றவன் வண்ணார் வீட்டுப் பிள்ளை. ஊர் அழுக்குத் துணி வெள்ளாவிக்குப் போய் வெளுத்து வரும் முறையை பூமணி எழுதியிருப்பதைப் படித்தால் பாட்டி முறத்தைக் கீழேயே வைத்திருக்க மாட்டாள்.

மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'க்கு 2022ஆம் ஆண்டு அகாதமி விருது கிடைத்தது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதோடு சிவகங்கைக் கதை முடிந்துவிட்டது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். முடியவில்லை. சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் மற்ற 72 பேரையும் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். அரசரை அங்கிருந்து சுமத்ராவின் பெங்கூலனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே இறந்தார். கைதிகளாகக் கடல் கடந்த அந்த 73 பேரின் கதை இது. ராஜேந்திரன் ஆட்சிப் பணியில் இருந்தவர். பல இடங்களில் நாவல் கோப்பு படிப்பதுபோல நகரும். உணர்ச்சி பொங்க வேண்டிய இடத்தில்கூடக் குரலை உயர்த்த மாட்டார். இதை ஒரு குறையாகவே நான் முதலில் நினைத்தேன்.

இந்த நாவலை முடித்த பிறகு, அந்தக் காலத்துக் கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பைத் தேடிப் படித்தேன். சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிகோலை வீசவும் கற்றுக்கொடுத்தவர் என்று அவரே எழுதுகிறார். கற்றுக்கொண்டவர் பிறகு அந்தக் குடும்பத்தை வேட்டையாடும் படையில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, மீசை முளைக்காத வயதில் நாடு கடத்தப்பட்ட பையன். 1818இல் வெல்ஷ் பினாங்கு போயிருந்தபோது ஒருவர் அவரைப் பார்க்க வருகிறார். தளர்ந்து ஒடுங்கிய கிழவர்போல இருக்கிறார். யார் என்று கேட்டால் துரைசாமி என்கிறார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். இதைப் படித்த பிறகு ராஜேந்திரனின் அடங்கிய குரல் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அங்கே யார் என்ன கூச்சல் போட முடியும்?

பினாங்கு என்றதும் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நினைவுக்கு வராமல் இருக்காது. 1970களில் வந்த புத்தகம், உங்கள் 'அண்மை'யில் அடங்காது. மெடானும் பினாங்கும் ஜப்பானியர் ஆட்சியும் அதில் இருக்கின்றன. பட்டியலில் சேர்க்காமல் மேசையில் மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். இப்படியே விதியை உடைத்தால் பிரபஞ்சனையும் உள்ளே விட வேண்டும். 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் 1990களின் தொடக்கத்தவை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பிலிருந்து முளைத்தவை. பிள்ளையின் நாட்குறிப்பு இல்லையென்றால் அந்தக் காலத்துத் தமிழ்த் தெருவில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். எஸ். ராமகிருஷ்ணனின் 'யாமம்' (2007): கும்பினிக் காலச் சென்னை, ஓர் அத்தர் குடும்பம், பரங்கிமலைப் பக்கம் 1802இல் தொடங்கிய லாம்டனின் நில அளவை. கதையைவிட வாசனை நினைவில் நிற்கும். அவருடைய 'இடக்கை'யில் ஔரங்கசீப்பின் கடைசி நாட்கள் வருகின்றன. தமிழ்மகனின் 'வெட்டுப்புலி' (2009): ஒரு தீப்பெட்டிப் படத்தைப் பிடித்துக்கொண்டு திராவிட இயக்க வரலாற்றுக்குள் நுழைகிறது, உங்கள் தாத்தாவுக்கு வாங்கிக் கொடுங்கள், அவர் திருத்தம் சொல்லிக்கொண்டே படிப்பார். இரா. முருகனின் 'மிளகு': கர்நாடகத்துக் கெருசொப்பாவை 1552 முதல் 1606 வரை ஆண்ட சென்னபைராதேவியின் கதை. போர்த்துகீசியர் அவளை மிளகு ராணி என்றே அழைத்தார்கள். நடுநடுவே மாயமும் நக்கலும் வரும்; சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்தது.

மிளகு என்றதும் ஒரு வழக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. சோழர் அடுக்களையில் மிளகாய் தாளித்த நாவல் ஒன்றைப் படித்திருக்கிறேன். மிளகாய் போர்த்துகீசியரோடு இங்கே வந்தது. ராஜராஜனுக்கும் அதற்கும் நடுவே 500 ஆண்டு இருக்கிறது. எழுதியவர் பெயர் வேண்டாம். போர்க்களக் காட்சிக்கு மூன்று புத்தகம் புரட்டியவர் குழம்புக்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். 'சூல்' முதலில், ஏறக்குறைய ஐந்நூறு பக்கம், மற்றவற்றோடு ஒப்பிட்டால் மெலிசு. அடுத்து 'வெள்ளை யானை'; அதை முடித்த கையோடு ஒரு மாலை ஐஸ் ஹவுஸ் பக்கம் போய்விட்டு வாருங்கள். 'காவல் கோட்டம்' வாங்கினால் முதல் பகுதியில் சோர்ந்து மூடிவிடாதீர்கள். தாதனூர் வரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் நேரே அங்கே குதித்துவிட்டுப் பிறகு திரும்பி வாருங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. 'கொற்கை'யையும் 'அஞ்ஞாடி'யையும் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, நெஞ்சு வலிக்கும். தலையணையை மடியில் வைத்து அதன்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டால் சரியாக வரும். இரவல் மட்டும் கொடுக்காதீர்கள். என் 'ஆழி சூழ் உலகு' 2011இல் போனது, இன்னும் வரவில்லை.